பலாபத்வல வழியாகப் பலாலிக்கு ஒரு பிளேன்

எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்தால் கண்டி–யாழ்ப்பாண ரோடு. யாழ்ப்பாண பஸ் எங்கள் வாசலிலேயே நிற்கும். கையைக் காட்டி ஏறி உட்கார்ந்தால் ஏழு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம். நடுவில் தம்புள்ளையில் தேத்தண்ணி, வவுனியாவில் சோறு. இவ்வளவு வசதியான இடத்தில் இருந்துகொண்டு என் கணவர் யாழ்ப்பாணத்துக்குப் பிளேனில் போனார்.

அதற்காக அவர் முதல் நாள் காலை ஏழரைக்கு, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி மாத்தளைக்குப் போனார். மாத்தளையிலிருந்து ரயிலில் கொழும்பு. கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பாயில் படுத்து, விடியக் காலையில் எழும்பி ரத்மலானைக்குப் போய், எட்டு மணிக்குப் பிளேன் ஏறி, ஒன்பதரைக்கு யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கினார். "ஒன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தேன்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் படியிலிருந்து கணக்குப் போட்டால் இருபத்தாறு மணித்தியாலம். நான் கணக்கு டீச்சர். என்னிடம் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது.

பலாபத்வலையில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்கிற வியாபாரம் அவருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் சுருட்டு கொண்டுவருகிற முதலாளி ஒருவர், மாதத்தில் இரண்டு தரம் எங்கள் வாசலில் லொறியை நிறுத்தி, மாமியின் இடியப்பத்தையும் தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் ஆணத்தையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் கண்டிக்குப் போவார். அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். இத்தனை வருஷம் தின்ற இடியப்பத்துக்கு நன்றிக்கடனாகக் கல்யாணக் கடதாசியோடு ஒரு பிளேன் டிக்கட்டையும் தபாலில் அனுப்பிவிட்டார். பஸ்ஸிலேயே வருகிறேன் என்று சொன்னால் அந்த மனிதர் மனம் நோகும். பலாபத்வல முழுக்க டிக்கட்டைப் பார்க்க வந்தது. சிலர் முகர்ந்தும் பார்த்தார்கள்.

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்தது. அதை ஒருவரும் முகர்ந்து பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மாத்தளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் கணக்குப் படிப்பித்தேன். கல்யாணத்தோடு அது நின்றது. இப்போது தலைமை ஆசிரியை எழுதியிருந்தார். கணக்கு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார், நீ திரும்ப வருவாயா, அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று. அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வேண்டும். கரும்பலகை வேண்டும், சோக்குத் தூள் வேண்டும், ஏழாம் வாய்பாட்டில் தடுக்கி விழுகிற பிள்ளைகள் வேண்டும். குசினியில் நான் கெட்டிக்காரி இல்லை. எனக்குக் கையில் வருவது கணக்கு ஒன்றுதான். வீட்டில் அதற்கு வேலையே இல்லை.

கணவரிடம் கடிதத்தைக் காட்டினேன்.

"எனக்குச் சரிதான். உம்மாகிட்டக் கேளு" என்றார்.

மாமியிடம் கேட்டேன். மாமி அப்போது முற்றத்தில் உட்கார்ந்து காயவைத்த மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"கணக்குப் படிச்சு என்னத்துக்கு மகள்?" என்றார். "ஒங்க கணக்கால ஒரு சட்டி சோறு வேகுமா?"

எனக்கு மூக்கின் நுனியில் கோபம். இன்றைக்கும் அப்படித்தான். "கணக்குத் தெரிஞ்சா எல்லாம் சொல்லலாம் மாமி. ஒங்க மகன் போற பிளேன் எத்தன மணிக்கு இந்தக் கூரைக்கு மேலால போகும்னு இங்க இருந்துக்கிட்டே சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. மாமி சுளகைக் கீழே வைத்தார்.

"சொல்லு பாப்பம். நீ சொன்ன நிமிஷத்துக்கு எம்மகன் மேலால போனா, திங்கக்கிழம நீ ஸ்கூலுக்குப் போ. முன்னப் பின்ன ஒரு நிமிஷம் விட்டுத் தாறேன். போகல்லன்னா இனி ஸ்கூல் பேச்சு எடுக்கக் கூடாது. சரியா?"

"சரி மாமி."

இப்படித்தான் என் உத்தியோகம் ஒரு பிளேனில் தொங்கியது.

கணக்குப் போட மைல் வேண்டும். மைலுக்கு எங்கள் பக்கத்து வீட்டு டிரைவர் நானா இருந்தார். எங்களில் அண்ணனை நானா என்போம். கண்டி–யாழ்ப்பாண பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு காதும் எஞ்சின் சத்தத்தில் போய்விட்டன. ஆனால் அந்த ரோட்டில் எந்த மைல்கல் எந்தப் புளியமரத்துக்குப் பக்கத்தில் என்று கேட்டால் சொல்லுவார். விஷயத்தை அவர் காதில் கத்திச் சொன்னேன். அவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ரத்மலானையிலேருந்து கண்டி எண்பது. கண்டியிலேருந்து மாத்தள பதினாறு. மாத்தளையிலேருந்து ஒங்க கேட்டு நாலு." ஸ்டியரிங்கை விட்டார். "நூறு மைல். இறங்குங்க."

அதேபோல எங்கள் கேட்டிலிருந்து பலாலிக்கும் ஓட்டிப் பார்த்தார். ஆனையிறவு தாண்டும்போது ஒருதரம் ஹார்ன் அடித்தார். நூற்றித் தொண்ணூறு மைல் வந்தது.

ஆக மொத்தம் இருநூற்றித் தொண்ணூறு மைலைப் பிளேன் தொண்ணூறு நிமிஷத்தில் ஓடுகிறது. ஒரு நிமிஷத்துக்கு மூன்று மைலும் கொஞ்சமும். எங்கள் கூரைவரை நூறு மைலுக்கு முப்பத்தொரு நிமிஷம். எட்டு மணிக்குக் கிளம்பினால் எட்டு முப்பத்தொன்றுக்கு எங்கள் தலைக்கு மேலே. எழுதிய கடதாசியைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

"அதெப்படி?" என்றார் மாமி. "கண்டியில நிக்காதா? கண்டியில தேத்தண்ணி குடிக்க இருவது நிமிஷம் நிப்பாட்டுவாங்களே."

டிரைவர் நானா இதை வெகுநேரம் யோசித்தார். "பஸ்ஸுன்னா நிக்கும்" என்றார் கடைசியில். "மேல கட இல்ல. நிக்காது. ஆனா கடுகண்ணாவ வளைவெல்லாம் அதுக்கு இல்ல. நேரா வெட்டி வரும். ஒரு நிமிஷத்தக் கழிங்க."

கழித்தேன்.

"ஆனா ஏத்தம் ஏத்தந்தானே. கொழும்பு கீழ, கண்டி மேல. எந்த எஞ்சினா இருந்தாலும் ஏத்தத்துல மூச்சு வாங்கும். ரெண்டு நிமிஷம் கூட்டுங்க."

கூட்டினேன். எட்டு முப்பத்திரண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மைலைப் பற்றிப் பேசினோம், ஏற்றத்தைப் பற்றிப் பேசினோம், தேத்தண்ணியைப் பற்றிக்கூடப் பேசினோம். பிளேன் எங்கள் ஊர் வழியாகத்தான் போகுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் போவதென்றால் எங்கள் கேட்டைத் தாண்டாமல் எப்படிப் போவது? பஸ் போகிறது, லொறி போகிறது, கல்யாணக் கார் போகிறது. பிளேனும் அதே ரோட்டில் கொஞ்சம் உயரத்தில் போகும், அவ்வளவுதான். என் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு ஸ்கூல் அட்லஸ் இருந்தது. எடுத்துப் பார்த்திருக்கலாம். சொந்த ரோட்டுக்கு யாராவது மேப் பார்ப்பார்களா?

கணவர் புதுச் சாரமும் கோட்டுமாகக் கிளம்பினார். "எட்டு முப்பத்திரண்டுக்கு ஜன்னலால கீழ பாருங்க" என்று மூன்று தரம் சொல்லி அனுப்பினேன். மாமிக்கு அதற்குள் ஒரு கவலை வந்துவிட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து மகனுக்குத் தன் வீடு எப்படி அடையாளம் தெரியும்? கூரையில் ஏதாவது துணி விரிக்கவேண்டும் என்றார். பச்சைத் துணி என்றால் சுற்றியிருக்கிற பலாமரங்களுக்குள் மறைந்துவிடும். மாமியிடம் சிவப்பு மேசைவிரிப்பு ஒன்று இருந்தது. டிரைவர் நானா பதறிப்போய்விட்டார்.

"செவப்புக் காட்டினா நிப்பாட்டிருவான்!"

"நிப்பாட்டட்டுமே" என்றார் மாமி. "புள்ள ஒரு வாய் இடியப்பம் தின்னுட்டுப் போகட்டும்."

"இறங்க எடம் வேணும் தங்கச்சி. ஒங்க முத்தம் பத்தாது."

கடைசியில் மாமியின் பெரிய வெள்ளைப் படுக்கை விரிப்பு என்று முடிவானது. காலையில் டிரைவர் நானா ஏணி வைத்துத் தகரக் கூரைமேல் ஏறி விரித்தார். அந்த வயதில் அந்த முழங்காலோடு அவர் ஏறியதற்கு, தனக்குத் தெரிந்த ரோட்டில் வருகிற வண்டி என்ற பாசத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மாமி ஏணியைப் பிடிக்க, நான் கல் எடுத்துக் கொடுக்க, நான்கு மூலையிலும் பாரம் வைத்தோம். அது ரோட்டுப்பக்கம் சரிந்த கூரை. விரிப்பின் ஒரு பாதி கூரை நுனியைத் தாண்டி வெளியே தொங்கியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மேலேயிருந்து பார்ப்பவரைப் பற்றியே யோசித்த நாங்கள், ரோட்டில் போகிறவர்களை மறந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் எந்தச் சனமாக இருந்தாலும், வீட்டில் மையித்து விழுந்தால், அதாவது ஒரு சாவு நடந்தால், ரோட்டோரம் வெள்ளைத் துணி கட்டுவார்கள். ஒரு முழத் துணி தொங்கினாலே ஆட்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். நாங்கள் தொங்கவிட்டது ஒரு கட்டில் அளவுத் துணி.

வானொலியின் எட்டு மணிச் சத்தத்துக்குச் சுவர்க் கடிகாரத்தைச் சரி பண்ணிவைத்தேன். எட்டு பத்துக்கு எதிர்க்கடை முதலாளி வந்தார். சிங்களவர், நல்ல மனிதர். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்குள் வந்தார். முற்றத்தில் மாமியையும் என்னையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி நின்றார். நாங்களும் பிளேன் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, "இருங்க, இன்னும் இருவத்திரண்டு நிமிஷம் இருக்கு" என்றோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய கேத்தல் நிறையப் பால் போடாத பிளேன்டியும் ஒரு தட்டு பிஸ்கட்டும் வந்தது. எவ்வளவு அன்பான மனிதர் என்று மாமி சொன்னார். நானும் ஒரு கோப்பை குடித்தேன்.

எட்டு இருபத்தைந்துக்கு நாவுலப் பக்கமிருந்து மாத்தளை பஸ் வந்தது. எங்கள் வாசலில் இறங்க ஆள் இல்லாவிட்டாலும் கிரீச்சென்று நின்றது. உள்ளே இருந்து ஒரு ஓலம்.

"யா அல்லாஹ்! எங்க ராத்தா!"

ராத்தா என்றால் அக்கா. ஓலமிட்டது மாமியின் தங்கை, நாவுலையில் கட்டிக்கொடுக்கப்பட்டவர். மாத்தளைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தவர் கூரையைப் பார்த்துவிட்டார். அந்த வீட்டில் வயதில் மூத்தவர் தன் அக்காதானே, வேறு யாராக இருக்கும்? பாகற்காய்க் கூடையை பஸ்ஸிலேயே போட்டுவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார். முற்றத்தில் நின்ற மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"போயிட்டீங்களே ராத்தா! ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டீங்களே!"

அந்தக் கழுத்து யாருடைய கழுத்து என்று பார்க்க அவருக்கு நேரம் இல்லை. அழுகை அப்படி. மாமிக்கும் ஒன்றும் விளங்கவில்லை. தங்கை அழுகிறாள் என்றதும் அவருக்கும் அழுகை வந்துவிட்டது. யார் மௌத்து என்று தெரியாமலேயே, "அல்லாஹ்வே, எப்ப? எப்ப?" என்று தன் ஜனாஸாவுக்குத் தானே அழ ஆரம்பித்தார். இருவரும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு முன்னறைக்குள் போய்ப் பாயில் விழுந்தார்கள்.

பஸ்ஸிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் இறங்கினார், கண்டக்டர் இறங்கினார், கோழி வைத்திருந்த ஒருவர் கோழியோடு இறங்கினார். எதிர்க்கடை முதலாளி இரண்டாவது கேத்தலோடு ஓடிவந்தார். கண்டக்டர் என்னிடம் வந்து, மெதுவான குரலில், "எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?" என்று கேட்டார்.

"எட்டு முப்பத்திரண்டுக்கு" என்றேன் நான்.

"இவ்வளவு அவசரமாவா?"

"அது தொண்ணூறு நிமிஷத்துல பலாலிக்குப் போயிரும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது. கூரையைப் பார்த்தேன். தொங்குகிற வெள்ளையைப் பார்த்தேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களைப் பார்த்தேன். "மௌத்து இல்லீங்க! மௌத்து இல்ல! பிளேன்!" என்று கத்தினேன். புருஷன் போன பிளேன் விழுந்துவிட்டது என்று புரிந்துகொண்டு ஒரு பொம்பிளை என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். அவளை உதறிவிட்டு உள்ளே ஓடினேன். பாயில் இரண்டு சகோதரிகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தார்கள். சின்னவரின் தோளைப் பிடித்து உலுக்கி, "சாச்சி, நல்லாப் பாருங்க, நீங்க கட்டிப் பிடிச்சிருக்கிறதே மாமியத்தான்!" என்றேன்.

சாச்சி தலையை நிமிர்த்தினார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். பிறகு எழுந்து நின்று திட்டிய திட்டு இருக்கிறதே!

"உசிரோட இருக்கிறவங்க வீட்டுல வெள்ளத் துணியா? மூள இருக்கா ஒங்களுக்கு? எம்பாவக்காய் போச்சே!"

நான் கடிகாரத்தைப் பார்த்தபோது எட்டு முப்பத்தாறு.

முற்றத்துக்கு ஓடினேன். வானத்தில் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஒரு மேகம் இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்த நான்கு நிமிஷமும் வானத்தைப் பார்த்த ஒரு மனிதர் அந்த வளவில் இல்லை. எல்லாரும் துக்கத்தில் தலையைக் குனிந்திருந்தார்கள். டிரைவர் நானா மட்டும், "சரியா முப்பத்திரண்டுக்குச் சத்தம் கேட்டிச்சு" என்று சத்தியம் பண்ணினார். அவர் காதின் நிலை ஊருக்கே தெரியும். பஸ் வந்த சத்தத்தையே அவர் கேட்கவில்லை.

"அப்ப என்ன செய்ய?" என்று மாமி என்னைப் பார்த்தார். அழுது சிவந்த கண். "ஒன் கணக்குச் சரின்னும் சொல்ல ஏலாது, பிழைன்னும் சொல்ல ஏலாது. எம்மகன் வரட்டும். அவன் பொய் சொல்ல மாட்டான். அவன் சொன்னாத் தீர்ந்திச்சு."

அதுதான் எனக்குப் பயம். என் கணவருக்குப் பொய் வராது. மிளகு வாங்க வந்தவரிடம், "கொஞ்சம் ஈரம் இருக்கு, நாளைக்கு வாங்க" என்று தானே சொல்லி அனுப்புகிற வியாபாரி அவர். மாமி அதை எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லுவார். சின்ன வயதில் சீனி திருடித் தின்றால், கேட்பதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து காட்டுவாராம்.

சனிக்கிழமை பின்நேரம் அவர் திரும்பி வந்தார், பஸ்ஸில். வாசலில் இறங்கிவிடலாமே. கையில் ஒரு பெட்டி பனங்கட்டி. கால் கழுவக் கிணற்றடிக்குப் போனவர் பின்னாலேயே போனேன்.

"எட்டு முப்பத்திரண்டுக்கு என்ன பார்த்தீங்க?"

"கடல்" என்றார், சந்தோஷமாக. "ரத்மலானையிலேருந்து பலாலி வரைக்கும் ஜன்னல் பக்கம் கடல்தான். நடுவுல புத்தளத்துல உப்பளம். வெள்ள வெளேர்னு. மலையே வரல்ல. நீ சொன்னியேன்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். மாத்தள வரவே இல்ல."

உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அட்லஸை எடுத்தேன். ரத்மலானைக்கும் பலாலிக்கும் நடுவில் அடிமட்டத்தை வைத்தேன். கோடு மேற்குக் கரையோரமாகவே நேரே ஏறியது. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம். எங்கள் மாத்தளை, கல்யாணத்துக்குச் சொல்லாத சொந்தக்காரர் மாதிரி வலது பக்கம் எங்கேயோ தள்ளி நின்றது. மைலும் இருநூறுதான் வந்தது. நான் சும்மா தொண்ணூறு மைல் அதிகமாக ஓட்டியிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். கடிதத்துக்குப் பதில் எழுத ஒருநாள்தான் இருந்தது. எழுதத்தான் ஒன்றும் இல்லை.

அவர் வாசலில் நின்று என்னையும் அட்லஸையும் பார்த்தார். மாமி வைத்த பந்தயத்தைச் சொன்னேன். கூரை விரிப்பையும் சாச்சியையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கடுதாசிய இன்னும் வச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டார். தலையணைக்குக் கீழேயிருந்து எடுத்துக் காட்டினேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்திருந்தது.

தேத்தண்ணி நேரத்தில் மாமி முன்னறையில் உட்கார்ந்தார். டிரைவர் நானாவும் வந்துவிட்டார், ஒரு காதைக் கையால் குவித்துக்கொண்டு.

"மகன், எட்டு முப்பத்திரண்டுக்கு நம்ம வீட்டுக்கு மேலால போனியா?"

என் கணவரின் காது நுனி சிவந்தது. "போனேன் உம்மா" என்றார்.

"வெள்ளத் துணி தெரிஞ்சிச்சா?"

"நல்லாத் தெரிஞ்சிச்சு." அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "நீங்க முத்தத்துல நின்னு கை காட்டினதும் தெரிஞ்சிச்சு உம்மா" என்றார்.

அந்த நிமிஷம் மாமி இந்த முன்னறையில், இதே பாயில், தங்கைக்குக் கீழே கிடந்து அழுதுகொண்டிருந்தார்.

மாமி மகனைப் பார்த்தார். பத்து எண்ணுகிற நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு பனங்கட்டியில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்ப கணக்குச் சரி" என்றார். "திங்கக்கிழம எத்தன மணி பஸ்?"

"நான் சொல்லல்ல?" என்றார் டிரைவர் நானா. "சத்தம் கேட்டிச்சே!"

திங்கட்கிழமை ஏழு மணி பஸ்ஸில் போனேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் போனேன். சோற்றுப் பார்சலை மாமியே கட்டித்தருவார். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் பார்சலை விட்டுவிட்டு ஓட, மாமி கேட்டுவரை ஓடிவந்து பஸ்ஸை மறித்து ஜன்னலால் எறிந்தார். அந்த வெள்ளை விரிப்பை மட்டும் அதன்பிறகு கட்டிலில் போட ஒருவரும் சம்மதிக்கவில்லை. மிளகு காயவைக்க ஆனது. மாமிக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு உள்ளூர ஒரு அரிப்பு. கேட்கவும் பயம். கேட்டால் பஸ் நின்றுவிடுமோ என்று. எட்டு வருஷம் அப்படியே ஓடியது.

எட்டாவது வருஷம் சுருட்டு முதலாளியின் இளைய மகளுக்குக் கல்யாணம். இந்தத் தரம் இரண்டு டிக்கட். "உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று எழுதியிருந்தார். மாமிக்குப் பிளேன்! நான் சிரித்துக்கொண்டு உடுப்பு மடித்துக் கொடுத்தேன். ஆனால் மாமி ஜன்னல் பக்கம்தான் உட்காருவார். மூக்குக் கண்ணாடியும் புதிது. ஒன்றரை மணித்தியாலம் கடலைப் பார்த்துக்கொண்டு போவார்.

போனார்கள். நான்காம் நாள் பின்நேரம் யாழ்ப்பாண பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகப் பையைக்கூட இறக்கவில்லை. மாமி கிணற்றடியில் கால் கழுவ, நான் தண்ணீர் ஊற்றினேன்.

"கடல் எவ்வளவு பெருசு மகள்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "முடியவே இல்ல."

வாளித் தண்ணீர் முழுவதையும் அந்த ஒரு காலிலேயே ஊற்றிவிட்டேன். மாமி ஒன்றும் நடக்காதது போல மற்றக் காலை நீட்டினார்.

முன்னறையில் டிரைவர் நானா காத்துக்கொண்டிருந்தார். எதிர்க்கடை முதலாளியும் வந்திருந்தார். டிரைவர் நானாவுக்கு அப்போது கண்ணும் மங்கிப்போயிருந்தது. மாமி உட்காரவும் விடாமல், "நம்ம ரோட்டு மேலாலதானே போச்சு தங்கச்சி?" என்று சத்தமாகக் கேட்டார்.

என் கணவர் சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வேற எங்கால போற?" என்றார் மாமி. "கண்டி தெரிஞ்சிச்சு. மாத்தள தெரிஞ்சிச்சு. நம்ம கூரையும் தெரிஞ்சிச்சு. சரியா எட்டு முப்பத்திரண்டு."

டிரைவர் நானா முகம் முழுக்கச் சிரித்தார். இல்லாத ஸ்டியரிங்கை ஒருதரம் வளைத்து, வண்டியை நிறுத்தினார்.

அப்போது எனக்குப் புரிந்தது. மாமிக்குக் கடலைப் பார்த்துத் தெரிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பொய் வராத மகன் வாயில் ஒரு பொய் வந்த அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டுதான் "எத்தன மணி பஸ்?" என்று கேட்டார். எட்டு வருஷம் என் சோற்றுப் பார்சலைக் கட்டியதும் தெரிந்துகொண்டுதான். எனக்கு அவர் மடியில் போய் விழவேண்டும்போல் இருந்தது. டீச்சர் என்பதால் விழவில்லை.

மாமி என் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"ஜன்னலால ஒனக்குக் கை காட்டினேன் மகள். பார்த்தியா?"

எட்டு முப்பத்திரண்டுக்கு நான் பலாபத்வலையிலேயே இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மாத்தளையில், கரும்பலகைக்கு முன்னால், சோக்குத் தூள் படிந்த கையோடு நாற்பது பிள்ளைகளுக்குப் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்தேன் மாமி" என்றேன். "நானும் கை காட்டினேனே."

"தெரிஞ்சிச்சு" என்றார் மாமி.